பக்கத்திலிருந்து பார்த்தால் கறுப்பு

1

அலுவலக லேப்டாப்பை ஜெர்மனியிலிருந்து மைசூருக்குக் கொண்டுவர வேண்டுமென்றால் ஒரு விண்ணப்பம் போட வேண்டும். அந்த விண்ணப்பப் படிவத்தைத் தயாரித்தவன் நான்தான். எந்த நாடு, எந்த வீடு, அந்த வீட்டில் யார் யார், இணைய இணைப்பு யார் பெயரில் என்றெல்லாம் கேள்வி கேட்டு வைத்திருக்கிறேன். நான் போட்ட கேள்விகளுக்கு நானே பதில் எழுதும்போதுதான் அவை எவ்வளவு எரிச்சலூட்டுபவை என்று தெரிந்தது. சொந்த விண்ணப்பத்துக்குத் தானே அனுமதி தரக்கூடாது என்றும் ஒரு விதி உண்டு. அதையும் நான்தான் எழுதினேன். பக்கத்துப் பிரிவுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்து, விமானம் ஏறுவதற்குச் சற்று முன்னால்தான் அனுமதி கிடைத்தது.

நான் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் தரவுப் பாதுகாப்புப் பிரிவில் இருக்கிறேன். ஊரில் யாராவது கேட்டால் இதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று இத்தனை வருஷமாகியும் எனக்குப் பிடிபடவில்லை. அப்பாவுக்கு அந்தச் சிரமமே இல்லை. "கம்ப்யூட்டருக்கு வாட்ச்மேன்" என்று சொல்லிவிடுவார். கேட்டவர்களும் புரிந்துகொண்டு போய்விடுவார்கள்.

வாட்ச்மேனின் லேப்டாப் எப்படி இருக்குமோ அப்படித்தான் என்னுடையதும் இருக்கும். விரல் வைத்தால்தான் திறக்கும். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நான் எழுந்து நடந்தால், ஆள் போய்விட்டான் என்று அதுவாகவே பூட்டிக்கொள்ளும். கேமராவுக்கு முன்னால் நகத்தால் தள்ளும் சின்ன மூடி உண்டு. திருடிப் போய்ப் பிரித்தாலும் உள்ளே இருப்பதை யாராலும் படிக்க முடியாது. இன்னொரு வசதியும் இருக்கிறது. ஒரு பொத்தானை அழுத்தினால், நேரே உட்கார்ந்திருக்கும் எனக்கு மட்டும் திரை தெரியும். பக்கத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு வெறும் கறுப்புதான். ரயிலில் பக்கத்து இருக்கைக்காரர் எட்டிப் பார்க்கக் கூடாது என்பதற்காகச் செய்தது. எனக்கு அது பழகிப் போய், வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்தாலும் அந்தப் பொத்தானை அழுத்திவிடுகிறேன்.

இந்த முறை வந்தது அம்மாவின் முதலாண்டு நினைவுப் பூசைக்கு. மனைவிக்கு விடுப்பு கிடைக்கவில்லை. பதின்மூன்று வயது மகள் நிலாவைக் கூட்டிக்கொண்டு வந்தேன். எனக்கும் விடுப்பு முழுசாக மிச்சமில்லாததால், பாதி நாள் மைசூர் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதாக ஏற்பாடு. விண்ணப்பத்தின் கடைசியில் ஒரு வாக்கியம் இருந்தது: வெளியாட்கள் பயன்படுத்தும் இணைப்பில் இந்தக் கருவியைச் சேர்க்க மாட்டேன். அதன் கீழே கையெழுத்துப் போட்டிருந்தேன்.

2

அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேச்சு குறைவு. அம்மா இருந்தவரை அவருக்கும் சேர்த்து அம்மா பேசினாள். இப்போது என்னிடம் என்ன பேசுவது என்று தெரியாமல், நான் ஹாலில் வேலைக்கு உட்கார்ந்ததும் ஒரு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"கரண்ட் இல்லியாடா?"

"இருக்குப்பா."

"அப்பறம் ஏன் இருட்டா இருக்கு? ஆஃப் பண்ணி வச்சிருக்கிற பெட்டியில என்னத்த டொக்கு டொக்குன்னு தட்டற?"

விளக்கினேன். தலையாட்டிவிட்டு, "அப்ப நான் பாக்கக்கூடாதுன்னு சொல்லு" என்றார்.

"நீங்கன்னு இல்லப்பா. யாருமே."

"ஆய்த்து, ஆய்த்து" என்று கன்னடத்தில் 'சரி, ஆயிற்று' சொல்லிவிட்டு எழுந்து போய் வாசல் படியில் உட்கார்ந்துகொண்டார். நானும் ஏதோ பெரிய காரியத்தை விளக்கி முடித்தவன்போல, "கெனாவ்" என்றேன். ஜெர்மன்காரர்கள் பேச்சுக்குப் பேச்சு 'அதேதான்' என்று சொல்லும் சொல் அது. என் வாயிலிருந்து அதைக் கழற்றவே முடிவதில்லை. ஆட்டோக்காரரிடம் சொல்லியிருக்கிறேன். கோயிலில் பாவத்தை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்கூட ஒரு தரம் சொல்லியிருக்கிறேன்.

பக்கத்து வீடு ரீட்டாக்காவுடையது. ஒரு கான்வென்ட் பள்ளியில் கிளார்க்காக இருக்கிறார். எனக்குப் பத்து வயது மூத்தவர். கணவர் போய்ச் சேர்ந்த பிறகு மகள் ஷைனியை ஒற்றை ஆளாக வளர்த்தவர். ஷைனி இப்போது நர்ஸ். அம்மா படுக்கையில் விழுந்த மாதங்களில், டியூட்டி முடிந்து வந்து இரத்த அழுத்தம் பார்ப்பதும் படுக்கையில் புரட்டிப் போடுவதும் அவள்தான். வீடியோ அழைப்பில் நான் வரும்போதெல்லாம், அம்மாவின் முகம் சரியாகத் தெரிய வேண்டும் என்று கை வலிக்க வலிக்கப் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றதும் அவள்தான். கடைசி மாதங்களில் நான் என் அம்மாவைப் பார்த்ததெல்லாம் ஷைனியின் கை வழியாகத்தான்.

வந்த அன்றே ரீட்டாக்கா இட்லி கொண்டுவந்தார். "ரொம்ப நன்றிக்கா" என்றேன்.

"என்னடா பென்னி, இட்லிக்கெல்லாம் நன்றி சொல்ற? ஃபுல் வெள்ளக்காரனாவே ஆயிட்டியா?" என்று என் முதுகில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனார்.

அவர் போனதும் அப்பா சொன்னார்: "ஷைனியும் உங்க ஜெர்மனிக்குத்தான் ட்ரை பண்றா. பாஷ பரீட்சையெல்லாம் பாஸ் பண்ணிட்டா. ஒரு பேட்டி இருக்காம், கம்ப்யூட்டர்ல. நீ ஸ்வல்ப நேரம் அவகூட அந்த பாஷயில பேசிப் பாரேன். தைரியம் வரும்."

"நாளைக்குப் பேசறேன்ப்பா" என்றேன். பேட்டி என்றைக்கு என்று கேட்கவில்லை. மறுநாளும் "நாளைக்கு" என்றேன்.

3

நான் ஜெர்மனி போன புதிதில் நடந்ததை இங்கே சொல்லியாக வேண்டும்.

அங்கே வீட்டு முகவரியைப் பதிவு செய்தால்தான் வங்கிக் கணக்கு. வங்கிக் கணக்கு இருந்தால்தான் இணைய இணைப்பு. வீட்டு முகவரியைப் பதிவு செய்வதற்கான நேரத்தையோ இணையத்தில்தான் வாங்க வேண்டும். இந்தச் செக்குக்குள் நான் வாரக்கணக்கில் சுற்றினேன். மாடியில் ஒரு அம்மாள் இருந்தார். பார்த்தால் புன்னகைப்பார், கேக் செய்தால் ஒரு துண்டு கொடுப்பார். அவர் வீட்டு வைஃபை என் அறையில் முழுசாக வந்தது. ஒரு நாள் படியேறிப் போய், கொஞ்ச நாளைக்கு மட்டும் பாஸ்வேர்டு தர முடியுமா என்று கேட்டேன். எழுதி வைத்து மனப்பாடம் செய்துகொண்டு போன வாக்கியம் அது. அவர் முகம் மாறியது. நீங்கள் நல்ல பையன்தான், ஆனால் என் இணைப்பில் நீங்கள் ஏதாவது செய்தால் சட்டப்படி நான்தான் பதில் சொல்ல வேண்டும், ஆகவே முடியாது என்று மிகுந்த மரியாதையோடு சொல்லிக் கதவைச் சாத்தினார்.

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அந்த நாட்டு வழக்கம் அப்படி. ஆனால் படியிறங்கும்போது எனக்குக் காது சூடாகிவிட்டது. கையேந்தியதுபோல் ஆகிவிட்டதே என்று இருந்தது. அந்த வாரம் ரயில் நிலையத்துக்கு வெளியே இருந்த கடையிலிருந்து வீட்டுக்குப் போன் செய்தபோது, சிரித்துக்கொண்டே சொல்வதாக நினைத்து இதை அம்மாவிடம் சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை.

"கேட்ட புள்ளைக்கு இல்லன்னுட்டாளா?" என்றாள். திரும்பத் திரும்ப அதையே கேட்டாள்.

பல வருஷம் கழித்து மைசூர் வீட்டுக்கு நான் வைஃபை போட்டுக் கொடுத்தேன். பாஸ்வேர்டு என்ன வைக்கலாம் என்று கேட்டதற்கு அம்மா யோசிக்கவேயில்லை. 'வாங்க சாப்பிடலாம்' என்பதை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதி, கூடவே ஒன்று இரண்டு மூன்று. அதைச் சுவர் தாண்டி ரீட்டாக்காவிடம் கத்திச் சொன்னாள். இஸ்திரி போடும் பையன் மஞ்சுவுக்குச் சொன்னாள். ஜெராக்ஸ் கடைக்குச் சொன்னாள். ரீட்டாக்கா தனியாக இணைப்பு வாங்கப் போனபோது, "ஒரே சொவத்துக்கு ரெண்டு டப்பா எதுக்குடி?" என்று தடுத்துவிட்டாள். என் பிள்ளைக்கு அங்கே இல்லையென்றார்கள், இந்தச் சந்தில் யாருக்கும் இல்லையென்று சொல்ல மாட்டேன் என்பது அவள் கணக்கு. சிக்னலுக்காக மாலையில் நாலு பேர் எங்கள் வாசல் படியில் உட்கார்ந்திருப்பார்கள். அம்மா போன பிறகு அப்பாவுக்கு இருந்த பேச்சுத்துணை அவர்கள்தான்.

இதெல்லாம் எனக்குத் தெரியாதா என்றால், தெரியும். காதால் கேட்டிருக்கிறேன். ஆனால் லேப்டாப்பைத் திறந்துகொண்டு அந்த ஹாலில் உட்கார்ந்தபோது நினைவில் இருந்தது நான் போட்ட கையெழுத்து மட்டும்தான்.

4

இரண்டாம் நாள் மாலை என் லேப்டாப் மஞ்சள் நிறத்தில் ஒரு எச்சரிக்கை காட்டியது. இந்த இணைப்பில் அறியாத கருவிகள் பல இருக்கின்றன, தொடர வேண்டுமா என்று கேட்டது. ரௌட்டருக்குள் போய்ப் பார்த்தேன். யார் யாருடைய போன்களோ வரிசையாக இருந்தன. ஒரு டிவி இருந்தது. யாருடையது என்றே தெரியாத ஒரு பிரிண்டர் இருந்தது. 'ஷைனி லேப்' என்று ஒன்றும் இருந்தது. அதைக் கண்ணால் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் செய்தேன்.

அலுவலகத்தில் புதிதாகச் சேர்பவர்களுக்கு நான் வகுப்பு எடுக்கிறேன். அதில் ஒரு படம் வரும்: ஒரு வீடு, திறந்த கதவு, உள்ளே சிரித்த முகத்தோடு ஒரு பெண்மணி. ஆபத்து கெட்டவர்களால் மட்டும் வருவதில்லை, பாஸ்வேர்டைப் பகிரும் நல்லவர்களாலும் வரும் என்று அதைக் காட்டிச் சொல்வேன். அந்தப் படத்தை நினைத்துக்கொண்டேன். அதில் இருப்பது என் அம்மாதான் என்று அப்போது உறைக்கவில்லை.

அப்பா ஜெபமாலைக்குக் கோயிலுக்குப் போயிருந்தார். எழுத்தும் எண்ணும் குறியும் கலந்த, எனக்கே மனதில் நிற்காத நீளத்தில் ஒரு பாஸ்வேர்டு போட்டேன். வரிசையில் இருந்த பெயர்களெல்லாம் ஒவ்வொன்றாக மறைந்தன. அப்பா வீட்டில் வைத்துவிட்டுப் போன போனிலும் நிலாவின் போனிலும் நானே புதிதை அடித்துக் கொடுத்தேன். லேப்டாப் பச்சை காட்டியது. ஒரு நல்ல காரியம் செய்த நிம்மதியோடு காபி போட்டுக் குடித்தேன்.

அன்று மாலை படியில் வந்து உட்கார்ந்தவர்கள் போனைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "நெட் இல்வா சார்?" என்று அப்பாவைக் கேட்டார்கள். அவருக்கென்ன தெரியும்? மழைக்கு லைன் போயிருக்கும் என்றார். உள்ளே உட்கார்ந்திருந்த எனக்கு அது கேட்டது. எழுந்து போய் விளக்கச் சோம்பலாக இருந்தது. பூசை முடிந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

5

மறுநாள் அப்பா காலையிலேயே கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விட்டார். பூசைக்கு முன்னால் அம்மாவின் கல்லறையைக் கழுவிச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். ஆள் வைத்தால் ஒழுங்காகச் செய்ய மாட்டான் என்று, ஆளையும் வைத்துவிட்டுப் பக்கத்தில் தானும் நின்றார். நிலா மாடியில் இருந்தாள். எனக்கு மதியம் ஒன்றரைக்கு, அதாவது ஜெர்மனியில் காலை பத்துக்கு, ஒரு கூட்டம் இருந்தது.

வெளிச்சத்தம் கேட்காத ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஜன்னலுக்குப் பக்கவாட்டில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். திரையின் பொத்தானையும் அழுத்தியிருந்தேன். கூட்டம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் ஜன்னல் கம்பிக்கு வெளியே ரீட்டாக்கா தெரிந்தார். வாய் அசைந்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பூசைக்குப் பிறகு கொடுக்கப்போகும் சாப்பாட்டைப் பற்றிக் கேட்க வந்திருப்பார் என்று நானே முடிவு செய்துகொண்டேன். ஹெட்போனைக் கழற்றவில்லை. வலது கையைத் தூக்கி, 'அப்புறம்' என்று ஒரு ஆட்டு ஆட்டினேன். அவர் என் திரையை ஒருமுறை பார்த்தார், என்னைப் பார்த்தார், தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

அந்தக் கூட்டத்தில் நான் பேசியது, வெளிநாட்டுப் பயணத்தின்போது கருவிகளைப் பாதுகாப்பது பற்றி. நன்றாகப் பேசினேன். பாராட்டினார்கள்.

6

அப்பா வந்தபோது நான் வேலை முடித்து லேப்டாப்பை மூடியிருந்தேன். அவர் கையிலும் சட்டையிலும் சுண்ணாம்பு. செருப்பைக்கூடக் கழற்றாமல் ஹாலுக்குள் வந்து நின்றார்.

"நெட்டு வருதாடா?"

"வருதே. ஏன்ப்பா?"

"உன் கம்ப்யூட்டர்ல?"

"எல்லாத்துலயும் வருதுப்பா."

 பிறகு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, வழியில் ரீட்டாக்கா சொன்னதைச் சொன்னார்.

ஷைனிக்கு நைட் டியூட்டி. காலையில் வந்து படுத்து, மதியம் எழுந்து, பேட்டிக்குச் சேலை கட்டிக்கொண்டு லேப்டாப்பைத் திறந்தால் நெட் சேரவில்லை. ராத்திரி போன லைன் இன்னும் வரவில்லை போலிருக்கிறது என்று பதறி, எங்கள் வீட்டில் வருகிறதா என்று பார்க்க ரீட்டாக்கா ஓடி வந்திருக்கிறார்.

"வந்து ஜன்னல்ல பாத்தாளாம். 'பாவம் மாமா, பென்னியும் கம்ப்யூட்டர் ஆஃப் ஆயி இருட்டா கெடக்க, என்ன பண்றதுன்னு தெரியாம சும்மா ஒக்காந்திருந்தான். கைய விரிச்சுக் காட்டினான். அவனுக்கும் ஆபீஸ் வேல கெட்டுச்சே'ன்னு என்கிட்டயே சொல்றா. உனக்காக வருத்தப்படறாடா அவ."

 பக்கத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு வெறும் கறுப்பு. நான் கையை விரிக்கவில்லை, போகச் சொன்னேன். அந்தத் திரை வெளிச்சமாகத் தெரிந்திருந்தால் அவர் கம்பியைத் தட்டிச் சண்டை போட்டாவது பாஸ்வேர்டு வாங்கியிருப்பார். எனக்கும் நெட் இல்லை என்று நம்பித்தான் திரும்பிப் போயிருக்கிறார்.

அவர்கள் வீட்டுக்குள் போன் சிக்னல் நிற்காது. மொட்டை மாடிக்கு ஏறி, தூறலில் ரீட்டாக்கா குடை பிடிக்க, போனிலிருந்து நெட் எடுத்து ஷைனி பேட்டியில் உட்கார்ந்திருக்கிறாள். பேரைச் சொல்லி முடிப்பதற்குள் படம் நின்றுவிட்டது. திரும்பச் சேர்ந்தது, திரும்ப நின்றது. கடைசியில் அந்தப் பக்கம் இருந்தவர்கள் வணக்கம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். சாயங்காலம், ஜெர்மனிக்கு நர்ஸ்களை எடுக்கும் அந்த ஏஜென்சியிலிருந்து வந்த மின்னஞ்சலில், போதிய முன்தயாரிப்பு இல்லை என்று இருந்ததாம்.

"நான்தான்ப்பா பாஸ்வேர்ட மாத்தினேன்" என்றேன்.

அப்பாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்த பிறகும் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அந்த ஜெர்மன்காரம்மா உனக்குக் குடுக்கல" என்றார். "அவளுக்கு உன்ன யாருன்னே தெரியாது. சரி. உனக்கு ரீட்டாவத் தெரியுமேடா."

பிறகு எழுந்து போய்ச் சுண்ணாம்புக் கையைக் கழுவினார். வெகுநேரம் தண்ணீர் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

7

எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். மின்னஞ்சல் எழுதினேன். அந்த ஏஜென்சிக்கு, என் வாழ்நாளிலேயே சிறந்த ஜெர்மனில், தவறு முழுக்க என்னுடையது, அந்தப் பெண் பொறுப்பானவள், என் தாயை அவள் பார்த்துக்கொண்டதை நான் அறிவேன், இன்னொரு வாய்ப்புக் கொடுங்கள் என்று எழுதினேன். உடனே பதில் வந்தது. தரவுப் பாதுகாப்புக் காரணங்களால் விண்ணப்பதாரர் எவரைப் பற்றியும் மூன்றாம் நபரிடம் பேச இயலாது, புரிந்துகொள்வீர்கள் என நம்புகிறோம். இதே வாக்கியத்தைச் சொல் மாறாமல் நானும் எத்தனையோ பேருக்கு எழுதியிருக்கிறேன். வாங்கிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பக்கத்து வீட்டுக்குப் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே அந்த மூலை கண்ணில் பட்டது. இப்போது அங்கே குக்கர் டப்பா வைத்திருக்கிறார்கள். முன்பு அங்கேதான் அவர்கள் வீட்டு டெலிபோன் இருந்தது. எங்கள் வீட்டில் போன் இல்லாத காலம். வேலைக்கு அனுப்பிய எல்லா விண்ணப்பத்திலும் ரீட்டாக்கா வீட்டு எண்ணைப் போட்டு, பக்கத்தில் பி.பி. என்று எழுதியிருந்தேன். கூப்பிட்டுக் கொடுக்கும் எண் என்று அர்த்தம். பெங்களூரிலிருந்து என் முதல் வேலைக்கான அழைப்பு வந்தபோது நான் மைதானத்தில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தேன். என்னைக் கூட்டிவர ஆளை விரட்டிவிட்டு, லைன் போய்விடக்கூடாதே என்று ரீட்டாக்கா ரிசீவரை விடாமல் தன் இங்கிலீஷில் பேசிக்கொண்டே இருந்தார். "சார், டோன்ட் கட் சார். பாய் கமிங் சார். ரன்னிங் சார். நியர் டேங்க் சார். நவ் கேட் சார். வெரி குட் பாய் சார்." மூச்சிரைக்க நான் போய் ரிசீவரை வாங்கியபோது மறுமுனையில் அந்த அதிகாரி சிரித்துக்கொண்டிருந்தார். அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீய்ந்த வாசனை வீடு முழுக்க இருந்தது.

ரீட்டாக்கா என்னைப் பார்த்ததும், "வாடா, உனக்கு நெட்டு வந்துச்சா? ஆபீஸ்ல ஒண்ணும் சொல்லலியே?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு சொல்வது எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பதை என்னால் எழுத முடியாது. எல்லாவற்றையும் சொன்னேன். நெட் போகவில்லை, நான்தான் மாற்றினேன், என் திரை அணைந்திருக்கவில்லை, நான் கையாட்டியது போகச் சொல்லித்தான். சொல்லச் சொல்ல ரீட்டாக்காவின் முகத்திலிருந்த சிரிப்பு எங்கே போவதென்று தெரியாமல் அப்படியே நின்றது.

"எங்களுக்கு மட்டுமா மாத்தின?" என்றார்.

"எல்லாருக்கும்தான்க்கா."

"ஓ."

பேட்டிக்குக் கட்டிய சேலை நனைந்து கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஷைனி டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். நான் அவளிடம், இனிமேல் தினமும் உன்னோடு ஜெர்மனில் பேசுகிறேன், எந்தக் கேள்வி கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும், நாளைக்கே ஆரம்பிக்கலாம் என்றேன். அவள் தலையைப் பின்னிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்:

"பரவாகில்ல மாமா. உங்களுக்கு மீட்டிங் இருக்கும்."

குத்திக் காட்டுகிற தொனி அதில் துளியும் இல்லை. அவள் அதை உண்மையாகவே நம்பிச் சொன்னாள்.

8

அன்றிரவே பழைய பாஸ்வேர்டைத் திரும்பப் போட்டேன். வாங்க சாப்பிடலாம், ஒன்று இரண்டு மூன்று. லேப்டாப் மஞ்சள் எச்சரிக்கை காட்டினால் காட்டிவிட்டுப் போகட்டும், என் கூட்டங்களைப் போனில் பார்த்துக்கொள்கிறேன், அலுவலகத்தில் கேட்டால் கேட்கட்டும் என்று துணிந்தேன். வாசலுக்கு வந்து, நெட் வந்துவிட்டது, பழைய பாஸ்வேர்டுதான் என்று சந்துக்கே கேட்கச் சொன்னேன். மஞ்சு இஸ்திரிப் பெட்டியிலிருந்து தலையைத் தூக்கி, "ஆய்த்து சார்" என்றான்.

எச்சரிக்கை வரவில்லை. மறுநாளும் வரவில்லை. ரௌட்டருக்குள் போய்ப் பார்த்தேன். அப்பா, நிலா, நான். அவ்வளவுதான். பழைய பாஸ்வேர்டு நினைவிருக்கும் போன்கள் தாமாகவே சேர்ந்திருக்க வேண்டும்; எல்லோரும் எங்கள் இணைப்பைத் தங்கள் கருவிகளிலிருந்து எடுத்துவிட்டிருந்தார்கள். அந்த வீட்டில் என் லேப்டாப் எதிர்பார்த்த பாதுகாப்பு முழுசாகக் கிடைத்திருந்தது.

யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. எதிரில் பார்த்தால் சிரித்தார்கள், காபி ஆயிற்றா என்று கேட்டார்கள். மாலையில் படிக்கு மட்டும் யாரும் வரவில்லை. அப்பா தனியாக உட்கார்ந்திருந்தார். நிலா போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுடைய தமிழ் நின்று நின்று வரும்.

"தாத்தா, அவங்க ஏன் வரல?"

"அவங்களுக்குக் கூச்சம்மா."

"அவங்க ஒண்ணும் தப்பு பண்ணலயே?"

"அதனாலதான்" என்றார் அப்பா.

நிலாவுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. ராத்திரி என்னிடம் ஜெர்மனில் கேட்டாள்: நம் வீட்டுப் பாஸ்வேர்டை என் தோழிக்குக்கூடத் தரக்கூடாது என்று நீங்கள்தானே சொல்வீர்கள், அதேபோல்தானே இங்கேயும் செய்தீர்கள், அப்புறம் ஏன் இப்படி உட்கார்ந்திருக்கிறீர்கள்?  சின்ன வயதிலிருந்து அவளுக்கு நான் சொல்லிக்கொடுத்த பழக்கம் அது. அவள் என்னைவிட நன்றாகவே கற்றுக்கொண்டிருந்தாள்.

பூசையன்று எல்லோரும் வந்தார்கள். ரீட்டாக்கா பந்தி பரிமாறினார். ஷைனி வந்து அம்மாவின் படத்துக்கு முன் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, டியூட்டி இருக்கிறது என்று சாப்பிடாமல் போனாள். கல்லறைச் சுண்ணாம்பு வெள்ளை வெளேரென்று இருந்தது. அங்கே நின்று நான் ஜெபித்தேன் என்று சொன்னால் பொய். அம்மாவை நேராகப் பார்க்க எனக்கு முகமில்லாமல் இருந்தது. கிளம்பும்வரை ஷைனி எங்கள் வீட்டுப் படியேறவில்லை.

9

திரும்பி வந்து சில வாரங்கள் ஆகின்றன. இங்கே எல்லாம் வழக்கம்போல. பயணம் நல்லபடி முடிந்ததா, கருவியில் ஏதும் சிக்கல் உண்டா என்று நான் போட்ட படிவமே என்னைக் கேட்டது. சிக்கல் இல்லை என்று எழுதினேன். கருவியைப் பொறுத்தவரை அது உண்மை.

சென்ற வாரம் ஒரு நாள் காலை பத்து மணி கூட்டம் ரத்தானது. அப்பாவோடு பேசலாமே என்று வீடியோவில் அழைத்தேன். அப்பா எடுத்தார். முகம் தெரியவில்லை, கூரையும் மின்விசிறியும்தான் தெரிந்தன. குரல் மட்டும் கிசுகிசுப்பாக வந்தது.

"என்னடா இந்நேரத்துல? வை, வை."

"என்னப்பா, ஒடம்பு சரியில்லையா?"

"ஷைனி ஒக்காந்திருக்கா. மறுபடி கூப்ட்டிருக்காங்க. நம்ம ஹால்லதான்."

அப்போது எனக்குக் கேட்டது. எங்கள் ஹாலிலிருந்து, அம்மாவின் படம் மாட்டிய சுவருக்குப் பக்கத்திலிருந்து, ஒரு பெண்குரல் ஜெர்மனில் பேசியது. நிதானமான, தடுமாறாத ஜெர்மன். என் பெயர் ஷைனி, நான் மைசூரிலிருந்து பேசுகிறேன், நீண்ட நாள் படுக்கையில் இருந்த ஒரு வயதான பெண்மணியை வீட்டிலேயே பராமரித்த அனுபவம் எனக்கு உண்டு என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நல்லா பேசறாப்பா" என்றேன்.

"அதெல்லாம் அப்பறம். நீ இதுல இருந்தா அவளுக்கு நெட்டு நின்னுடும். வைடா" என்று அப்பா துண்டித்துவிட்டார்.

போன் கறுப்பானது. என் முகம் அதில் தெரிந்தது. நான் அங்கே இருந்தவரை படியேறாதவள், நான் கிளம்பிய பிறகு அந்த ஹாலுக்கு வந்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது. அப்பா வைத்துவிட்டது ஆறுதலாகவும் இருந்தது. மனைவி உள்ளேயிருந்து, மாமா என்ன சொன்னார் என்று கேட்டாள். வேலையாக இருக்கிறார் என்றேன்.

அவள் பேட்டி முடிந்திருக்கும் என்று நிச்சயமாகத் தெரியும்வரை நான் அந்த வீட்டைத் திரும்பக் கூப்பிடவில்லை.